மணி அடித்தால் திராட்சை

அத்தியாயம் 14

அந்தச் சின்னப் பெட்டி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாசல் கதவோரம் நின்றுகொண்டிருந்தது. இன்று காலை அது காரின் டிக்கிக்குள் போய்விட்டது. யார் தூக்கி வைத்தது என்று பல் டாக்டர் கேட்கவில்லை. கேட்டால் கணவன், "ஒரு முன்னேற்பாடுதான்" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் டிரில் வைத்ததுபோல் இருக்கும்.

பெட்டிக்குள் மகள் சுண்டுவின் உடைகள் இருந்தன. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய உடைகள்.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டில் கணவன் போட்ட திட்டம் இதுதான். புதுப் பள்ளியில் குழந்தையை விளையாட வைத்துச் சோதிப்பார்கள். அதில் சுண்டு சொதப்பினால், அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்படியானால் அவனுடைய அக்கா சுண்டுவைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு வருடம் ஒழுங்காக வளர்ப்பார்.

"நல்லா பண்ணிட்டா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"அப்ப அக்காவோட பயிற்சி வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதைப் பாதியில நிறுத்தலாமா?"

பூ விழுந்தாலும் அக்கா வீடு, தலை விழுந்தாலும் அக்கா வீடு. இந்த மூளையை நம்பி ஒரு கம்பெனி ஆள் எடுக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறதே என்று அவளுக்கு அன்று சிரிப்புதான் வந்தது. இன்று வரவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே நம்பிக்கை. பள்ளியின் குழந்தை மனநல ஆலோசகர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடக்கலாம் என்று கணவனை ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். பட்டம் வாங்கியவர்கள் எது சொன்னாலும் அவன் தலையாட்டுவான். கட்டிய மனைவி வாங்கிய பட்டம் மட்டும் அவன் கண்ணில் படாது.

காரின் பின் சீட்டில் சுண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் அத்தை.

அத்தைக்கு டாக்டர் மனசுக்குள் வைத்த பெயர் கர்னல். பட்டாளத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அந்த நடையும் தாடையும் போதும். தன் ஊரில் பிளாட்டின் முன்னறையில் இன்னும் பள்ளியில் சேராத சின்னப் பிள்ளைகளுக்குத் 'தயாரிப்பு வகுப்பு' நடத்துகிறவர். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார்; இரண்டு மாதமாகக் குளியலறை அலமாரியில் அவருடைய எண்ணெய்ப் புட்டிதான் முன் வரிசை. டாக்டர் கிளினிக் போன பிறகு மத்தியானம் முழுக்க சுண்டு அவர் கையில்.

அவருடைய கல்விமுறை மொத்தமும் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். ஒரு பித்தளைக் கைமணி, ஒரு டப்பி உலர் திராட்சை. மணி ஒரு தடவை அடித்தால் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு தடவை அடித்தால் கை நீட்டி ஒரு திராட்சை வாங்கிக்கொள்ளலாம். நாய்க்குட்டி வாங்கினால்கூட இதைவிடக் கொஞ்சம் யோசித்துப் பழக்குவார்கள்.

"அம்மா, நான் இன்னிக்கி ஜெயிச்சா பெட்டி எங்க போகும்?" என்றாள் சுண்டு.

டாக்டர் வாயைத் திறந்தாள். கர்னல் முந்திக்கொண்டார்.

"கேள்வி கேக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்கேன்ல?"

சுண்டு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, கேள்வி கேட்டா என்ன, பல்லா விழுந்துடும்?"

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்மா. என் தம்பிக்கு அம்மா இல்லாமப் போனப்ப நான்தான் அவனை வளர்த்தேன். இப்ப எப்படி நிக்கிறான் பாரு."

நிற்பதென்ன, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சிக்னலில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும், பச்சை விளக்கு உண்மையான பச்சைதானா என்று பார்த்துக்கொண்டு.

*

பள்ளியின் நடைபாதையில் எல்லாமே முழங்கால் உயரம். கை கழுவும் தொட்டி, பை மாட்டும் கொக்கி, சுவரில் ஒட்டிய மீன்கள், எல்லாம். நாற்காலிகளும் அப்படித்தான். கணவன் அதில் ஒன்றில் உட்கார்ந்தபோது முழங்கால்கள் காதருகே வந்துவிட்டன. அந்த நிலையிலும் வலது காலை ஆட்டிக்கொண்டிருந்தான். முழித்திருந்தால் காலாட்டம், தூங்கினால் பல் கடிப்பது. கல்யாணமான புதிதில் அவனுடைய கடைவாய்ப் பற்களைப் பார்த்து டாக்டர் அசந்துபோயிருந்தாள். அறுபது வயதுக்காரருடையதுபோல் தட்டையாகத் தேய்ந்திருந்தன. கனவில்கூட யாரையோ வேலைக்கு வேண்டாம் என்று சொல்கிறான்போல என்று அன்றே முடிவு கட்டிவிட்டு, ராத்திரியில் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்தாள்.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார். சுண்டுவை ஆயாவோடு மணல் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, மூன்று பெரியவர்களையும் அந்தக் குட்டி நாற்காலிகளிலேயே உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார்.

"விளையாட்டுல குழந்தை எப்படி இருக்கான்னு நான் பாத்துக்கறேன். வீட்டுல சாதாரணமா எப்படி இருப்பான்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டும் பல சமயம் ஒத்துப்போகாது, அதனாலதான் கேக்கறேன். காலைல எழுந்ததும் என்ன செய்வா?"

"பல் தேய்ப்பா. தானா," என்றான் கணவன்.

டாக்டர் அவனைப் பார்த்தாள். சுண்டு எழுவதற்கு முன்பே ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறவன் இவன்.

"எழுந்ததும் அழுவா. அதை நான் வந்தப்புறம் நிறுத்தியாச்சு," என்றார் கர்னல்.

"கட்டில்லயே உக்காந்து கனவு சொல்லுவா," என்றாள் டாக்டர். "பாதி அவளே இட்டுக்கட்டறது. நடுவுல நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பா."

"தன் முறை வர்ற வரைக்கும் காத்திருப்பாளா?"

"சுத்தமா மாட்டா," என்றான் கணவன்.

"நான் இருந்தா இருப்பா," என்றார் கர்னல்.

"இருப்பா. முணுமுணுத்துக்கிட்டே," என்றாள் டாக்டர்.

"ஷூ?"

"அதெல்லாம் தானே போட்டுக்குவா," என்றாள் டாக்டர் மிடுக்காக.

ஆலோசகர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மணலிலிருந்து வெளியே வந்த சுண்டு, படியில் ராணிபோல் உட்கார்ந்து ஆயாவுக்கு எதிரே ஒரு காலை நீட்டிக்கொண்டிருந்தாள். ஆயா குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குக் காது சூடானது. தினமும் கிளினிக்குக்கு நேரமாகிறது என்று அவளேதான் மாட்டிவிடுகிறாள். அதை எப்படி மறந்தாள்?

"மூணு பேரும் மூணு குழந்தையைப் பத்திச் சொல்றீங்க," என்று சிரித்தார் ஆலோசகர். "பரவாயில்ல, எல்லா வீட்டுலயும் இதான்."

கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இனி உரை வரும்.

"எங்க ஆபீஸ்ல ஒரு ஆளோட புத்தியை நாங்க மூணாப் பிரிப்போம் மேடம். தன்னை அடக்கிக்கிறது, சொன்னதை ஞாபகம் வச்சுக்கிறது, நிலைமை மாறினா தானும் மாறிக்கிறது. மூணுக்கும் தனித்தனி மார்க். சுண்டு எதுல வீக்குன்னு தெரிஞ்சா அதை மட்டும் சரிபண்ணிடலாம்."

"பெரியவங்களுக்கு அப்படிப் பிரிக்கலாம் சார். நாலு வயசுல மண்டைக்குள்ள இன்னும் சுவரே எழுப்பல. ஒரே ஹால்தான். அதுலதான் சமையல், அதுலதான் தூக்கம். ஒரு மூலைல அழுகை வந்தா எல்லா மூலையும் கெட்டுப்போகும். அடக்கறதை மட்டும் தனியா எடுத்து மெருகேத்த முடியாது."

"அருமையாச் சொன்னீங்க," என்று தலையாட்டினான் கணவன். ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை என்பதை அந்தத் தலையாட்டலே சொன்னது.

கர்னல் உதட்டைச் சுழித்தார். "ஹாலோ ரூமோ, பெருக்கினாத்தான் சுத்தமாகும்."

*

குழந்தை பயப்படக் கூடாது என்று அறைக் கதவைப் பாதி திறந்தே வைத்திருந்தார்கள். நடைபாதையிலிருந்து பார்த்தால் குட்டி மேசையும் சுண்டுவின் முதுகும் ஒரு பக்கக் கன்னமும் தெரிந்தன.

முதல் விளையாட்டு, தட்டுவது. ஆலோசகர் மேசையில் பென்சிலால் ஒரு தடவை தட்டினால் சுண்டு இரண்டு தடவை தட்ட வேண்டும். அவர் இரண்டு தட்டினால் இவள் ஒன்று. சுண்டு ஒன்றில்கூடத் தவறவில்லை. ஆலோசகரின் பென்சில் மேசையைத் தொட்டு எழும்புவதற்குள் பதில் வந்தது.

கர்னல் டாக்டரின் பக்கம் சாய்ந்தார். "யாரு சொல்லிக் கொடுத்தது?"

பள்ளியில் என்ன விளையாட்டு வைப்பார்கள் என்று கர்னல் முன்கூட்டியே விசாரித்து, மத்தியானங்களில் அதையே பழக்கியிருக்கிறார் என்பது டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைத் திருடிப் படித்துவிட்டு, பிள்ளைக்கு அறிவு வளர்ந்துவிட்டதாகப் பூரித்துப்போகும் கூட்டம்!

இரண்டாவது, அட்டைகள். மீனும் படகும், சிவப்பிலும் நீலத்திலும். முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னார் ஆலோசகர். சுண்டு சரியாகப் பிரித்தாள். "இப்ப விளையாட்டு மாறுது. நிறத்தை விட்டுடு. மீனெல்லாம் இங்க, படகெல்லாம் அங்க."

சுண்டு ஒரு சிவப்புப் படகை எடுத்தாள். "படகு," என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிவப்பு மீனோடு சேர்த்தாள். அடுத்ததும் அப்படியே. வாய்க்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

"ச்சு," என்றார் கர்னல். "விசாரிச்சப்ப இதை அவங்க சொல்லல எங்கிட்ட."

கணவன் டாக்டரைப் பார்த்த பார்வையில், 'பாத்தியா, உன் வளர்ப்பு' என்று எழுதியிருந்தது. தட்டியது அக்கா வளர்ப்பு, தடுமாறியது அம்மா வளர்ப்பு. அவன் கணக்கு என்றைக்கும் சுலபமான கணக்கு.

கடைசி விளையாட்டு. ஆலோசகர் வண்ணக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். "இது உனக்குத்தான். ஆனா நான் தண்ணி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் தொடக்கூடாது. சரியா?" சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்.

சுண்டு பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு பெட்டியோடு பேச ஆரம்பித்தாள்.

"நீ பேசாம இரு. இப்ப வந்துருவாங்க. இன்னும் ஒரே ஒரு பல்லுதான் பாக்கி. அதைப் பிடுங்கிட்டு வந்துருவாங்க."

டாக்டர் கதவுப் பக்கம் சாய்ந்து கேட்டாள். சாயங்காலம் கிளினிக்கின் மூலையில் உட்கார்ந்து, கடைசி நோயாளி போகும் வரை சுண்டு தன் துணி யானையிடம் சொல்கிற வார்த்தைகள் அவை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மணியும் கிடையாது, திராட்சையும் கிடையாது. காத்திருப்பதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

டாக்டர் நிமிர்ந்து கர்னலைப் பார்த்தாள். இப்போது கேட்கலாமே, யார் சொல்லிக்கொடுத்தது என்று!

சுண்டுவுக்குக் கால்கள் நெளிய ஆரம்பித்தன. அது பாத்ரூம் நெளிவு. ஒரு கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஒரு விரல் ரிப்பனை நோக்கி நகர்ந்தது. பாதி தூரம் போய் அதுவாகவே நின்றது. "ம்ஹூம்," என்று சுண்டு தன் விரலுக்கே சொன்னாள்.

கர்னலுக்கு அந்தப் பாதி தூரம் பொறுக்கவில்லை. கைப்பைக்குள் கை போனது.

மணி ஒரு தடவை அடித்தது.

சுண்டு அப்படியே உறைந்தாள். நீட்டிய விரல் நீட்டியபடி. வாய் பாதி திறந்தபடி.

நடைபாதையில் இன்னொன்றும் நின்றது. கணவனின் காலாட்டம். அவனுடைய முதுகு நேரானது. கைகள் முழங்கால்மேல் போய் ஒட்டிக்கொண்டன. டாக்டர் அதைப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை.

பின்பக்கக் கதவு வழியாக ஆலோசகர் திரும்பி வந்தார். "சமத்தா இருந்தியே! இப்ப எடுத்துக்கோ."

சுண்டு அசையவில்லை.

"உனக்குத்தாம்மா. பிரிச்சுப் பாரு."

இமை மட்டும் அடித்தது.

கர்னல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "பாத்தீங்களா மேடம்? இதுதான் கட்டுப்பாடு! நீங்களே சொன்னாலும் அசைய மாட்டா. வேற எந்தக் குழந்தைகிட்டயாவது..."

நாற்காலியின் நுனியிலிருந்து தரையில் ஒரு துளி விழுந்தது. பிறகு ஒரு கோடாக ஒழுகியது. சுண்டுவின் வெள்ளை சாக்ஸ் நனைந்து மஞ்சளானது. அப்போதும் அவள் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் நிறைந்துகொண்டே போனது.

டாக்டர் ஓடினாள். "சுண்டு! அம்மாடா. வா, வா." தூக்கினாள். குழந்தை நாற்காலியில் உட்கார்ந்த வடிவத்திலேயே மேலே வந்தாள். மடங்கிய முழங்கால் மடங்கியபடி, மரப்பொம்மைபோல. கண்கள் மட்டும் உருண்டு கர்னலின் கைப்பைக்குப் போயின.

"விடும்மா, அழகாத்தான் இருக்கா," என்றார் கர்னல். "வீட்டுல இதைவிட அதிக நேரம் இருந்திருக்கா."

"இதைவிட அதிக நேரமா?"

"பின்ன? பழக்கம்னா சும்மாவா?"

டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாள். நாக்கில் தயாராக நல்ல கூர்மையான நாலு வார்த்தைகள் இருந்தன. ஆனால் கைக்குள் இருந்த குழந்தை வார்த்தைக்கு இளகவில்லை. அம்மாவின் குரலுக்கு இளகவில்லை. எதற்கு இளகும் என்று டாக்டருக்குத் தெரிந்திருந்தது. இந்த உலகத்திலேயே அவள் மிக இளக்காரமாக நினைத்த பொருள் அது.

கர்னலின் கைப்பைக்குள் கையை விட்டு மணியை எடுத்தாள். அடித்தாள். இரண்டு தடவை.

சுண்டுவின் உடம்பு தளர்ந்தது. வழுக்கிக் கீழே இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை, பரிசுப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈர சாக்ஸ் சளக் சளக்கென்று சத்தமிட நேராக அத்தையிடம் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

கர்னல் டப்பியைத் திறக்கவில்லை. "நனைச்சவங்களுக்குக் கிடையாது," என்றார்.

சுண்டு கையை மடக்கிக்கொண்டாள்.

டாக்டர் திரும்பினாள், கணவனைக் கிழித்துவிடத்தான். அவன் வாசலில் அந்தக் குட்டி நாற்காலியிலேயே இருந்தான். அவனுடைய வலது கை முழங்கால்மேல் இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று கையைப் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டான்.

தட்டையாகத் தேய்ந்த அந்தக் கடைவாய்ப் பற்கள். ராத்திரி ராத்திரியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள், ஏன் என்று யோசிக்காமல். பல் டாக்டராம், பல் டாக்டர்!

*

மாற்று உடை பெட்டிக்குள் இருந்தது. பெட்டி டிக்கிக்குள் இருந்தது. கணவன் போய் எடுத்து வந்தான். அவள் முழங்கால் உயரத் தொட்டியில் சுண்டுவின் கால்களைக் கழுவித் துடைத்து, கவுனை மாட்டிவிட்டாள். ஷூவை மட்டும் குழந்தையின் கையிலேயே கொடுத்தாள். சுண்டு இடதை வலதில் போட்டு, யோசித்து, கழற்றி, மாற்றிப் போட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆலோசகர் தரையைத் துடைத்துவிட்டு வந்தார். "இந்தக் குழந்தைக்கு இங்க இடம் உண்டு. ஒரே ஒரு விஷயம். அந்த மணிச் சத்தம் இனிமே இவ காதுல விழக்கூடாது. இதை நான் எழுதியே தர்றேன்."

"எழுதுங்க, எழுதுங்க," என்றார் கர்னல். "ரெண்டு பிள்ளையைப் பாத்திருப்பீங்களா? நான் நூறு பாத்தவ." தம்பியிடம் திரும்பினார். "பெட்டிதான் கையிலயே இருக்கே. இப்படியே ஊருக்குக் கிளம்பிடலாம். இந்தப் பள்ளிக்கூடம் நமக்குச் சரிப்படாது. காரை எடு."

சொல்லிவிட்டு நடந்தார். நடைபாதையின் கோடியில், வெளிவாசலில் போய் நின்றார்.

கணவன் நடுவில் நின்றான். ஒரு கையில் சாவி, ஒரு கையில் பெட்டி.

"உங்களுக்கு அப்ப எத்தனை வயசு?" என்று டாக்டர் கேட்டாள். கேட்டபோது தன் குரலில் வழக்கமான முள் இல்லாதது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"எப்ப?"

"இதை முதல்ல கேட்டப்ப."

அவன் பதில் சொல்வதற்கு முன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கிருந்து இது கேட்காது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, "அம்மா தவறின வருஷம்," என்றான். "ஸ்கூல்ல சேத்திருக்கல இன்னும்." பிறகு, "எனக்குத் திராட்சை இல்ல. வேர்க்கடலை," என்றான், ஏதோ அதுதான் முக்கியம்போல.

"தம்பி! வர்றியா இல்லையா?"

அவன் தோள் அக்காவை நோக்கித் திரும்பியது. கால் திரும்பவில்லை.

மணி டாக்டரின் கையில்தான் இருந்தது. லேசாக ஆட்டினால் போதும், அவன் அங்கேயே நின்றுவிடுவான். அவள் நீட்டிய கையில் சாவியை வைத்துவிடுவான். இத்தனை வருடம் வாய் வலிக்கப் பேசி நடக்காத காரியம் ஒரு நொடியில் நடந்துவிடும்.

சுண்டு அம்மாவின் விரலை இழுத்தாள். ரகசியம் சொல்வதுபோல் வாயைக் குவித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு ரெண்டு தடவ மணி அடிம்மா. அப்பத்தான் நகருவாரு."

டாக்டர் மணிக்குள் விரலை விட்டு அதன் நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டா. தானே நகரட்டும்."

வாசலில் கர்னல் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். கணவன் பெட்டியைத் தரையில் வைத்தான். சாவி இன்னும் அவன் கையிலேயே இருந்தது. வலது கால் மெல்ல ஆட ஆரம்பித்தது.